ஐயத்தைப் பதிய ஒரு கட்டம் கொடுங்கள்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கும், புதிய தகவல் அமைப்பை வடிவமைத்த குழுவினருக்கும்,

பராமரிப்புப் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். சமீபத்தில் நீங்கள் எடுத்த மூன்று முடிவுகளை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பழுதுப் பதிவில் சொந்த வார்த்தையில் குறிப்பு எழுத இருந்த கட்டத்தை எடுத்துவிட்டீர்கள். ஷிஃப்ட் மாறும்போது போகிற குழுவும் வருகிற குழுவும் சேர்ந்து நின்று பேசும் நேரத்தை ரத்து செய்துவிட்டீர்கள். பழைய லாக் புக்குகளை அறையிலிருந்து அகற்றச் சொல்லிவிட்டீர்கள். மூன்றுக்கும் நீங்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: இனிமேல் நிறுவனத்தின் அறிவு முழுவதும் சிஸ்டத்தில் இருக்கும்.

விளக்கக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு பழுதுக்குக் காரணம் இதுதான் என்று எதை வைத்து ஏற்றுக்கொள்கிறோம், யார் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம், அது சிஸ்டத்தில் எங்கே முடிவாகிறது என்று. "அது தத்துவக் கேள்வி, இப்போது அதற்கு நேரமில்லை" என்று பதில் வந்தது. கூட்டக் குறிப்பிலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஆமாம், அது தத்துவக் கேள்விதான். ஆனால் அதற்கு நீங்கள் ஏற்கெனவே விடை சொல்லி, அந்த விடையை மென்பொருளாக எழுதி, எங்கள் எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டீர்கள். விடையை யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன விடை அது? புதிய படிவத்தில் டிக்கெட்டை, அதாவது ஒரு பழுதுக்கான பதிவை, மூட வேண்டுமென்றால் ஒரு காரணக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பேரிங் தேய்மானம், மசகு எண்ணெய்க் குறைவு, அலைன்மென்ட் பிழை, இயக்குபவர் தவறு என்று பட்டியல் நீள்கிறது. "தெரியவில்லை" அதில் கிடையாது. முன்பு இருந்த "மற்றவை"யும் இல்லை, நிறையப் பேர் அதையே தேர்ந்தெடுத்ததால் அறிக்கை கெடுகிறது என்று எடுத்துவிட்டார்கள். நிறையப் பேர் "மற்றவை" என்று சொன்னால் பட்டியல் களத்துக்குப் பொருந்தவில்லை என்றுதானே அர்த்தம்? அந்தச் செய்தி உங்களுக்கு வந்துகொண்டிருந்தது, அது வந்த வழியை அடைத்துவிட்டீர்கள்.

இதனால் என்ன நடந்தது என்பதை எங்கள் பிரிவிலிருந்தே சொல்கிறேன். ஒரு பம்பில் பேரிங் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. கழற்றிப் பார்க்கிறவருக்குக் கண்முன்னே தெரிவது தேய்ந்த பேரிங், அடுத்த வேலை காத்துக்கொண்டிருக்கிறது, டிக்கெட்டை மூட வேண்டும், எனவே ஒவ்வொரு தடவையும் "பேரிங் தேய்மானம்" என்றே பதிவானது. ஆனால் இரவு ஷிஃப்டில் நெடுங்காலம் இருக்கும் ஓர் ஆபரேட்டர் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: தொட்டியில் மட்டம் இறங்கும்போது பம்புக்குள் சரளைக் கல் உருளுகிற மாதிரி சத்தம் வருகிறது, மட்டம் ஏறியதும் நின்றுவிடுகிறது. பம்போடு பழகியவர்களுக்கு இது போதும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் போதாமல் திரவம் உள்ளேயே ஆவிக் குமிழிகளாகி, அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடும் இடத்துக்குப் போய் உடைவதைத்தான் கேவிட்டேஷன் என்கிறோம். அது பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை அரிக்கும், அதிர்வைக் கூட்டும், கடைசியில் பேரிங்கைத் தின்னும். தொட்டி மட்டம் ஏன் அவ்வளவு இறங்கியது? கையிருப்பைக் குறைப்பதற்காகத் திட்டமிடல் பிரிவு குறைந்தபட்ச மட்டத்தின் அளவை மாற்றியிருந்தது. ஆக, காரணம் ஒரு நிர்வாக முடிவு. அந்த முடிவுக்கு உங்கள் பட்டியலில் குறியீடு இல்லை. காதால் கேட்டதைச் சொல்லவும் இடம் இல்லை, குறிப்புக் கட்டத்தைத்தான் எடுத்துவிட்டீர்களே. எண்களைத் தொகுத்துக் காட்டும் காலாண்டு டேஷ்போர்டில் பேரிங் தேய்மானம் முதலிடத்தில் வந்தது, நீங்கள் பேரிங் சப்ளையரை மாற்றினீர்கள், புதிய பேரிங்கும் போனது.

தொட்டி மட்டத்தைத் திரும்ப ஏற்றியதும் பிரச்சினை அடங்கிவிட்டது. அது எப்படித் தெரிய வந்தது என்றால், ஷிஃப்ட் மாறும்போது அந்த ஆபரேட்டர் எங்களோடு பேசியதால். இப்போது ரத்தாகியிருப்பது அந்தப் பேச்சுக்கான நேரம்.

மணிமேகலையில், பல சமயத்தாரும் தங்கள் தங்கள் கொள்கையைச் சொல்லும் 27ஆம் காதையில், அளவைவாதி என்று ஒருவர் முதலில் பேசுகிறார். அறிவு எந்தெந்த வழியில் வருகிறது என்று வகைப்படுத்திவிட்டு, அறிவு போலத் தோன்றி அறிவாகாத எட்டையும் அடுக்குகிறார். அதில் ஒன்று ஐயம்: தூரத்தில் நிற்பது தறியோ (நட்டுவைத்த கட்டையோ), மனிதனோ என்று முடிவு கட்டாமல் நிற்பது. அடுத்தது தேராது தெளிதல்: ஆராயாமலேயே அந்தத் தறியை மனிதன் என்று எடுத்துக்கொள்வது. ஐயத்தை அறிவு என்று அவரும் ஏற்கவில்லை. ஆனால் ஐயம் வேறு, தேராத தெளிவு வேறு என்று தனித்தனியாகப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார். நம் படிவத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. ஒருவர் ஐயத்தோடு உள்ளே வந்தாலும், டிக்கெட்டை மூடும்போது அது தேராத தெளிவாக மாறித்தான் வெளியே போகிறது. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தெளிவுகளைக் கூட்டித்தான் டேஷ்போர்டில் கோடு வரைகிறீர்கள். நான் இந்த மடலில் சொல்ல வந்தது முழுக்க இதுதான், மற்றதெல்லாம் இதற்கான ஆதாரம்.

தத்துவத்துக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைப்பதால் ஒரு விஷயத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் பயிற்சி ஸ்லைடுகளில் 'நிறுவனக் கற்றல்' என்று போடுகிறீர்களே, அந்தத் துறைக்குத் தத்துவத்திலும் ஒரு வேர் இருக்கிறது. 1978இல் நிர்வாகவியல் அறிஞர்களான கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் சேர்ந்து அந்தத் தலைப்பிலேயே நூல் எழுதினார்கள். ஷோன் தத்துவம் படித்தவர், அவருடைய முனைவர் ஆய்வே அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியின் விசாரணைக் கோட்பாடு பற்றியது. டூயி 1938இல் எழுதியதன் சாரம் இது: விசாரணை ஒரு தெளிவற்ற நிலைமையிலிருந்துதான் தொடங்குகிறது, 'பிரச்சினை இதுதான்' என்று சொல்ல முடிவதே விசாரணையில் பாதித் தூரம் வந்த பிறகுதான். நம் படிவம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. பிரச்சினை என்ன என்றே தெரியாத கட்டத்தில் காரணத்தைக் கேட்கிறது.

ஆர்கிரிஸ் சொன்ன தெர்மோஸ்டாட் உதாரணத்தை நிர்வாகப் படிப்பு படித்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அறை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடும் கருவி செய்வது ஒற்றை வளையக் கற்றல். 'நான் ஏன் 68இல் வைக்கப்பட்டிருக்கிறேன்?' என்று அது கேட்க முடிந்தால் அது இரட்டை வளையம். நம் பம்பில் பேரிங்கை மாற்றுவது முதல் வகை, 'தொட்டியின் குறைந்தபட்ச மட்டம் ஏன் இந்த அளவில் இருக்கிறது?' என்பது இரண்டாவது. புதிய சிஸ்டத்தில் முதல் வகைக்கு அழகான திரைகள் இருக்கின்றன, இரண்டாவதற்கு ஒரு பட்டன்கூட இல்லை. இலக்கையோ வரம்பையோ பட்டியலையோ கேள்வி கேட்கிற ஒரு பதிவை என்னால் உருவாக்கவே முடியாது. முயன்று பார்த்தேன், ஏதாவது ஒரு கருவியின் எண்ணைக் கொடுக்காமல் சிஸ்டம் உள்ளே விடவில்லை.

அடுத்து, எல்லா அறிவும் சிஸ்டத்தில் இருக்கும் என்ற வாக்கியம். வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலன்யி 1966இல் வெளியான நூலில் இதற்கு ஒரே வரியில் பதில் சொன்னார்: நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகமாக நமக்குத் தெரியும். அதற்கு முன்பே, 1949இல், தத்துவவாதி கில்பர்ட் ரைல் 'இது இப்படி என்று தெரிவது' வேறு, 'எப்படிச் செய்வது என்று தெரிவது' வேறு என்று பிரித்துக் காட்டினார். அந்த இரவு ஷிஃப்ட் ஆபரேட்டருக்குப் பம்பின் சத்தம் பிசகுவது தெரிகிறது, எந்த டெசிபலில், எந்த அலைவரிசையில் என்று கேட்டால் சொல்ல மாட்டார். பக்கத்தில் நின்று சில ஷிஃப்ட் கேட்கிற புதியவருக்கு அது பிடிபடும். இந்த மாதிரி அறிவு ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது, போவதற்குச் சேர்ந்து இருக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் 'இரட்டைச் செலவு' என்று கணக்கெழுதி வெட்டினீர்கள்.

இதெல்லாம் ஏட்டுப் பேச்சு என்று தோன்றினால் நகலெடுக்கும் இயந்திரம் செய்யும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். அங்கே லூசி சக்மன் என்ற மானுடவியலாளர், திட்டப்படி படிப்படியாக வழிகாட்டும் ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று கூர்ந்து பார்த்து 1987இல் எழுதினார். இயந்திரம் வைத்திருந்த திட்டத்துக்கும் மனிதர் நின்றுகொண்டிருந்த நிலைமைக்கும் இடையில் பொருத்தமே இல்லை. பிறகு ஜூலியன் ஓர் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களோடு சுற்றி, அவர்கள் கையேட்டில் இல்லாத பழுதுகளை ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லியே தீர்க்கிறார்கள் என்று பதிவு செய்தார். 1990களில் அந்த நிறுவனம் யுரேகா என்ற அமைப்பைக் கட்டியது. டெக்னீஷியன்களே குறிப்பு எழுதுவார்கள், சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு அது வெளியாகும். அதுவும் ஒரு தகவல் அமைப்புதான், அதுவும் கணினியில்தான் ஓடியது. ஆகவே நான் கணினியை எதிர்க்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அதை வடிவமைத்தார்கள், வித்தியாசம் அங்கேதான்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பொதுப் பதிவு இருக்கிறது. நாசாவில், வேலையில் கற்ற பாடங்களைச் சேமிக்கும் தகவல் அமைப்பு ஒன்று இருந்தது. மேலாளர்கள் அதை முறையாகப் பயன்படுத்துவதில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2002 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் ஏறும்போது வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு உடைந்து விழுந்தது. அதே இடத்திலிருந்து முன்பு நுரை விழுந்தபோது கொடுத்த 'பறப்பில் நேர்ந்த பிறழ்வு' என்ற வகை இந்த முறை கொடுக்கப்படவில்லை. கீழான ஒரு வகையில் போட்டுவிட்டு அடுத்த பயணங்களுக்குப் போனார்கள். 2003 ஜனவரியில் கொலம்பியா ஏறியபோதும் நுரை விழுந்து இறக்கையைத் தாக்கியது, சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது நிறைவேறவில்லை, பிப்ரவரி 1 அன்று ஏழு பேர் இறந்தார்கள். கற்கும் நிறுவனத்தின் குணங்களை நாசா காட்டவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. பாடங்களைச் சேமிக்கும் சிஸ்டம் இருந்த நிறுவனத்தைப் பற்றித்தான் இப்படி எழுதினார்கள். எந்த நிகழ்வு எந்த வகையில் விழுகிறது என்பதைக் கணினி வேலை என்று ஒதுக்கிவிட முடியாது, எதைக் கவலைப்பட வேண்டிய விஷயமாக ஏற்கிறோம் என்பது அங்கேதான் முடிவாகிறது.

இன்னொன்று, என்னை மிகவும் வாட்டுவது. பிரிட்டனின் அஞ்சல் நிறுவனத்தில் 1999இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. கிளை நடத்தியவர்கள் 'கணக்கில் காட்டும் பற்றாக்குறை பொய், நான் பணம் எடுக்கவில்லை' என்று சொன்னார்கள். நிறுவனம் சிஸ்டத்தை நம்பியது, மனிதர்களை நம்பவில்லை. 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனைத் தீர்ப்பு வந்தது. இங்கிலாந்துச் சட்டமும், வேறு ஆதாரம் இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் நீதிமன்றம் உறுதி செய்தது, தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. உதவி கேட்டு போன் செய்தவர்கள் பலரிடம் 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது' என்று சொல்லப்பட்டிருக்கிறது. மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் இந்த வகைத் தீங்குக்கு அறிவுசார் அநீதி என்று பெயர் வைத்தார்: ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது அதில் ஒன்று, தனக்கு நேர்ந்ததை விளங்கவைக்கத் தேவையான சொற்களே கிடைக்காமல் போவது இன்னொன்று. நம் பட்டியலில் 'இயக்குபவர் தவறு' என்ற குறியீடு இருக்கிறது, 'திட்டமிடல் தவறு' என்ற குறியீடு இல்லை. இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். தவறு எந்தத் திசையிலிருந்து வரலாம் என்பதை ஒரு டிராப்டவுன் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது.

அறிவு வரும் வழிகளை நம் மரபில் காண்டல், கருதல், உரை என்று சொல்வார்கள். கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டது. நீங்கள் கொண்டுவந்த அமைப்பில் சென்சார் காண்கிறது, அல்காரிதம் கருதுகிறது. உரைக்கு மட்டும் இடமில்லை. முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரின் சொல்லையும் குறியீடாக மாற்றினால்தான் அது உள்ளே வரும், மாற்றும்போது சொல்ல வந்தது போய்விடும்.

தீர்வு இல்லாமல் குறை மட்டும் சொல்லவில்லை. வெஸ்ட் சர்ச்மன் என்பவர் தத்துவத்தில் பயின்று செயல்பாட்டு ஆய்வுக்கு வந்தவர். 1971இல் தகவல் அமைப்புகளை விசாரிக்கும் அமைப்புகளாகப் பார்த்து, லைப்னிட்ஸ், ஜான் லாக், கான்ட், ஹேகல், கடைசியாகத் தன் ஆசிரியர் எட்கர் சிங்கர் என்று ஐந்து தத்துவவாதிகளின் வழியில் ஐந்து வகை வடிவமைப்பை விவரித்தார். நம்முடையது இந்தக் கணக்கில் லாக் வகை: பலர் ஒரே பெயரைச் சொன்னால் அது உண்மை. தினசரி வேலைக்கு அது போதும், அதை நான் மறுக்கவில்லை. பட்டியலே தவறாக இருக்கும் இடத்தில் அது உதவாது, அங்கே ஹேகல் வகை வேண்டும்: அதே தரவை எடுத்து நேர் எதிரான ஒரு விளக்கத்தையும் வலுவாகக் கட்டி, இரண்டையும் மோதவிட்டுப் பார்ப்பது. பேரிங் சப்ளையரை மாற்றும் முன் ஒருவராவது 'பேரிங்கில் குறையில்லை என்று வைத்துக்கொண்டால் இந்த எண்கள் என்ன சொல்கின்றன?' என்று எழுதியிருந்தால் பழுது நேர்ந்த நேரங்களைப் பார்த்திருப்பார்கள், எல்லாம் தொட்டி இறங்கிய நேரங்கள் என்று ஒரே நாளில் தெரிந்திருக்கும். சிங்கர் வகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. எந்த விடையும் முடிந்த விடை அல்ல, ஒவ்வொரு அளவீட்டோடும் அதன் நிச்சயமின்மையும் சேர்ந்தே பதிவாக வேண்டும். சர்ச்மனிடம் பயின்ற வெர்னர் உல்ரிக் 1983இல் இதோடு ஒரு கேள்வியைச் சேர்த்தார்: இந்த அமைப்பால் பாதிக்கப்படுகிறவர்கள், ஆனால் அதை வடிவமைப்பதில் பங்கு கொடுக்கப்படாதவர்கள் யார்? எங்கள் ஷிஃப்டில் யாரையும் நீங்கள் கேட்கவில்லை. திரை எப்படி இருக்கிறது, எழுத்து பெரிதாக வேண்டுமா என்று மட்டும் கேட்டீர்கள்.

சரி, என்ன வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக, குறிப்பு எழுதும் கட்டத்தைத் திரும்பக் கொடுங்கள். அதைக் கட்டாயமாக்க வேண்டாம், எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பும் வேண்டாம், எழுதியவர் பெயர் இருக்கட்டும். காரணப் பட்டியலில் 'இன்னும் தெரியவில்லை' என்று ஒன்றைச் சேருங்கள், அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்ததாக டிக்கெட் மூடலாம், ஆனால் காரணம் திறந்தே இருக்க வேண்டும், பிறகு யாரும் வந்து சேர்க்கலாம். டேஷ்போர்டில் எத்தனை காரணங்கள் இப்படித் திறந்திருக்கின்றன என்பதையும் காட்டுங்கள். அந்த எண் அதிகமாக இருப்பதற்காக எந்தப் பிரிவின் மதிப்பீட்டையும் குறைக்கக் கூடாது. இதை எழுத்தில் உறுதி செய்யாவிட்டால் மறுநாளே எல்லோரும் பழையபடி பேரிங் தேய்மானம் என்றே போடுவார்கள்.

அப்புறம், கருவி எண் இல்லாமல் ஒரு பதிவு போட வழி செய்யுங்கள். 'இந்த வரம்பு சரியா', 'இந்த இலக்கு சரியா', 'இந்தப் பட்டியல் பொருந்துகிறதா' என்று கேட்கும் பதிவு. அது திட்டமிடல் பிரிவுக்கும் உங்களுக்கும் நேராக வர வேண்டும், ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு பதில் தர வேண்டும். 'இயக்குபவர் தவறு' குறியீட்டை, ஒரு பழுதுக்குப் பின்னால் இருந்த நிர்வாக முடிவுகளையும் பதியும் வசதி வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

ஷிஃப்ட் மாற்றத்தில் இரண்டு குழுவும் சேர்ந்திருக்கும் நேரத்தைப் பழைய அளவுக்கே மீட்டுத் தாருங்கள். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. லாக் புக்குகளை அழிக்க வேண்டாம், ஸ்கேன் செய்தாலும் அசல் புத்தகம் அறையிலேயே இருக்கட்டும்.

சப்ளையர் மாற்றம் போலப் பெரிய செலவுள்ள எந்த முடிவுக்கும், அதே தரவிலிருந்து எதிர் விளக்கம் ஒன்றை எழுதும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள், அவர் எழுதியது முடிவோடு சேர்த்துக் கோப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக, வடிவமைப்புக் குழுவில் ஒவ்வொரு ஷிஃப்டிலிருந்தும் ஒருவரை, நாங்களே தேர்ந்தெடுக்கும் ஒருவரை, முடிவெடுக்கும் உரிமையோடு சேருங்கள். அந்தக் குழுவின் முதல் கூட்டத்தில் முதல் பொருளாக, நேரமில்லை என்று நீங்கள் தள்ளிவைத்த அந்தக் கேள்வியை எடுத்துப் பேசுங்கள், பேசியதைக் கூட்டக் குறிப்பில் முழுமையாக எழுதுங்கள். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த காலாண்டு ஆய்வுக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள், அதை எல்லா ஷிஃப்டும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு தொழிலாளி